பிச்சைக்கு உதவாத கைகள்

(மலேசியாவின் சுங்கை பூலோவில் உடலியக்கவியல் பற்றி ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு சின்னச் சோதனை. வலக்கையை நீட்டி, ஒரு கவளம் சோறு எடுப்பதுபோல் விரல்களைக் குவித்துப் பாருங்கள். நான்கு விரல்களும் அடிக்கணுவில் மடிகின்றன. நடுக்கணுவும் நுனிக்கணுவும் ஏறக்குறைய நேராகவே நிற்கின்றன. கட்டைவிரல் பக்கவாட்டிலிருந்து புறப்பட்டு எதிரே வந்து நிற்கிறது. குழம்பு ஒழுகாமல் சோறு வாய்வரை போகிறது, கடைசியில் கட்டைவிரல்தான் அதை உள்ளே தள்ளிவிடுகிறது. இவ்வளவு நுட்பமான வேலை முன்கையில் திரண்டிருக்கும் பெரிய தசைகளால் மட்டும் ஆவதில்லை. உள்ளங்கைக்குள்ளேயே ஒளிந்திருக்கும் சின்னஞ்சிறு தசைகள் கூடவே உழைக்க வேண்டும். அவற்றில் நான்குக்கு உடற்கூற்றியலார் வைத்த பெயர் லம்பிரிகல். லத்தீன் மொழியில் மண்புழுவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பார்க்கவும் அப்படித்தான் இருக்கும்.

இந்த மண்புழுக்களும் அவற்றின் பங்காளிகளும் வேலை செய்யாமல் நின்றுவிட்டால் அடிக்கணு பின்னால் சாயும், விரல் நுனிகள் உள்ளே சுருளும். கை பருந்தின் காலைப்போல் ஆகிவிடும். சோறு விரலிடுக்கில் ஒழுகும். தொழுநோய் முற்றியவரின் கை இப்படித்தான் முடங்குகிறது. அந்தக் கைகளைப் பல ஆயிரக் கணக்கில் பார்த்த ஊர் இது.

பல்கலைக்கழகங்களில் உடலின் அசைவுகளை ஆராயும் உடலியக்கவியல் துறைகள் ஆண்டு முடிவில் ஓர் அறிக்கை வெளியிடுவது வழக்கம். புதிதாக வந்த கேமராக்கள், தரையில் பதித்த விசைத்தட்டுகள், வெளியான கட்டுரைகள், பட்டம் வாங்கியவர்கள் என்று பட்டியல் நீளும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அடுத்த ஆண்டு நிதி அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வரும். இந்தப் பேச்சும் அப்படி ஓர் ஆண்டறிக்கைதான். ஆனால் இதில் வரும் ஆண்டு 1947இல் தொடங்கி 1948இல் முடிகிறது. இடம் செங்கல்பட்டும் வேலூரும். துறைக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. உடலியக்கவியல் என்ற பெயரிலேயே ஒரு துறையை உலகில் முதலில் தொடங்கியது தாங்கள்தான் என்று கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் சொல்லிக்கொள்கிறது. அது நடந்தது 1967இல். அதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பே, பெயரில்லாமல் அந்த வேலை தமிழ் பேசும் நோயாளிகளின் கைகளில் நடந்துவிட்டது.

அங்கே போவதற்கு முன் இந்த ஊரைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

இன்று எம்.ஆர்.டி. ரயிலில் வந்து குவாசா டாமன்சாரா நிலையத்தில் இறங்குபவர்கள், புதிய அடுக்குமாடிகளைப் பார்த்துக்கொண்டு வெளியே நடக்கிறார்கள். அந்த நிலம் முழுக்க ஒரு காலத்தில் பால்மரக் காடு. 1925இல் அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் சுங்கை பூலோவில்தான் இருந்தது. எந்த மரம் அதிகப் பால் தரும் என்று மட்டும் அங்கே பார்க்கவில்லை. மரத்தை எப்படிச் சீவ வேண்டும் என்றும் பார்த்தார்கள். அதாவது, ஒரு மனிதனின் மணிக்கட்டு எந்தச் சாய்வில், எவ்வளவு ஆழத்தில், என்ன தாளத்தில் நகர வேண்டும் என்று.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டும். பாலை ஏந்தி வரும் நுண்குழாய்கள் மரப்பட்டையில் செங்குத்தாக ஓடுவதில்லை, சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும் கோடாகச் சீவினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். அந்தக் கோட்டின் சாய்வு ஏறக்குறைய 30 பாகை. ஒவ்வொரு முறையும் எடுக்கும் பட்டை ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதற்கு மேல் கத்தி ஆழமாக இறங்கினால் மரத்தின் உயிர்ப்படலம் காயப்படும். அந்த இடத்தில் பட்டை மறுபடி சரியாக வளராது, மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வந்து மரத்துக்கு மரம் தடவிப் பார்த்து ஏசுவார். விடியுமுன் இருட்டில், நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், ஒரே காலையில் நானூறு ஐந்நூறு மரம். ஒவ்வொரு மரத்தையும் பாதி சுற்றி வந்துகொண்டே கத்தியை இழுக்க வேண்டும். கால் நகர்கிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் இறங்குகிறது. மணிக்கட்டு மட்டும் ஒரே கோணத்தில் நிற்கிறது. இன்றைய ஆய்வுக்கூடங்களில் இருபது கேமராக்களை வைத்துப் படம்பிடிக்கத் தக்க அசைவு அது. அப்போது அதைப் படம்பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை. நாள் விட்டு நாள் அப்படிச் சீவினால் ஒரு வருடத்தில் பட்டை ஏறக்குறைய ஒரு சாண் இறங்கும். ஆண்டு வளர்ச்சியைச் சாண் கணக்கில் அளந்த ஊர் இது.

அந்தத் தோட்டத்துக்குச் சற்று அப்பால், மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் இன்னோர் இடம். 1930இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகிறவர்கள் ஜாலான் டிராவர்ஸ் என்ற சாலையைத் தாண்டித்தான் போவார்கள். அந்த டிராவர்ஸ் ஒரு மருத்துவர். தொழுநோயாளிகளைச் சிறைக்கைதிகளைப்போல் அடைத்து வைப்பதை எதிர்த்து, அவர்கள் வீடு, தோட்டம், தெரு என்று மனிதர்களாக வாழ ஓர் ஊர் வேண்டும் என்று வாதாடியவர். அப்படித்தான் இந்தக் குடியிருப்பு வந்தது. வரிசை வரிசையாகச் சிறு வீடுகள், பள்ளிக்கூடம், கோயில், மசூதி, தேவாலயங்கள், அங்கேயே செல்லும் தனிப் பணம், அங்கேயே ஒரு சிறையும்கூட. 1950களின் பிற்பகுதியில் 2,000க்கும் மேற்பட்டவர்கள் அதற்குள் இருந்தார்கள். ஊர் என்று சொன்னாலும், சட்டம் பிடித்து வந்து விட்ட ஊர்தான். வெளியே, சுங்கை பூலோ என்ற பெயரே நோயின் பெயராகிவிட்டது. மூங்கில் ஆறு என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள்.

தோட்டத்துக் கூலியின் கைக்கு இந்த நோய் என்ன செய்யும் என்பதை யோசித்துப் பாருங்கள். கத்தி மரத்தில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று கண் சொல்லாது, அந்த இருட்டில் சொல்லவும் முடியாது. சொல்வது விரல். தொழுநோய் முதலில் பறிப்பது அந்த விரல் நுனியின் உணர்வைத்தான். சீவுகிறவன் மரத்தைக் காயப்படுத்துகிறான், பிறகு தன்னை. அதற்கும் பிறகு விரல்கள் சுருளத் தொடங்குகின்றன.

ஆனால் விரல்கள் ஏன் சுருள்கின்றன? நோய் சதையைத் தின்கிறது, உடம்பு அழுகி உதிர்கிறது என்றுதான் 1940கள் வரை மருத்துவர்கள் பலரே நம்பினார்கள். அழுகும் கையில் யார் அறுவை செய்வார்கள்?

இப்போது செங்கல்பட்டு. 1947. லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை. அதை நடத்தியவர் ராபர்ட் காக்ரேன், தோல்நோய் நிபுணர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலிருந்து அவரைப் பார்க்க வந்தவர் பால் பிராண்ட், வயது முப்பத்து மூன்று. பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர் என்று ஒதுக்கிவிட வேண்டாம். பிறந்தது 1914இல் நம் கொல்லிமலையில். அங்கே செருப்பில்லாமல் மலைப்பிள்ளைகளோடு ஓடி வளர்ந்தவர். மருத்துவம் படிக்கும் முன் லண்டனில் தச்சு வேலையும் கட்டட வேலையும் முறையாகக் கற்றவர். இது ஏதோ வாழ்க்கைக் குறிப்புக்காகச் சொல்வதல்ல. மரத்தையும் கயிற்றையும் கையாண்ட மனிதர் என்பதால்தான் கையைப் பார்த்ததும் அவருக்கு வேறொன்று தெரிந்தது.

மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்கும்போது, முடங்கிய கையோடு உட்கார்ந்து செருப்பைக் கழற்ற முயன்றுகொண்டிருந்த ஒரு நோயாளியிடம், தன் கையைப் பிடித்து இறுக்கச் சொன்னார் பிராண்ட். பிடி இரும்பாக இருந்தது, வலி தாங்காமல் விடச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த ஒரு நொடியில்தான் அந்த ஆண்டு தொடங்குகிறது என்று சொல்லலாம். கை செத்துவிட்டது என்று ஊரே சொல்கிறது. செத்த கைக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? அப்படியானால் சில தசைகள் போய்விட்டன, சில தசைகள் நல்ல பலத்தோடு இருக்கின்றன. எவை போயின, எவை நின்றன?

அடுத்து வந்த மாதங்களில் பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் செய்தது முழுக்க முழுக்க எண்ணி எழுதும் வேலை. நோயாளி நோயாளியாக, விரல் விரலாக, எது அசைகிறது, எது அசையவில்லை, எங்கே தொடு உணர்வு இருக்கிறது என்று குறித்தார்கள். இன்றைய உடலியக்கவியல் மாணவர்கள் முதல் பருவத்தில் படிக்கும் தசை பலச் சோதனைதான். சலிப்பூட்டும் வேலை. அந்தச் சலிப்பிலிருந்து ஒரு ஒழுங்கு மெல்லத் தெரிந்தது. உள்ளங்கைத் தசைகள் போயிருந்தன. முன்கைத் தசைகள் பெரும்பாலும் நன்றாக இருந்தன. காரணம் தசை அல்ல, நரம்பு. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரி சுண்டுவிரல் வரை பாயுமே, அந்த நரம்பு முழங்கைக்கு அருகில் வீங்கியிருந்தது. மணிக்கட்டின் நடுவே போகும் நரம்பு மணிக்கட்டில் வீங்கியிருந்தது. நரம்பு தோலுக்கு மிக அருகில் வரும் இடங்கள் அவை, அதனால் உடம்பின் மற்ற இடங்களைவிடக் குளிர்ந்த இடங்கள். தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சி பிடிக்கும். வீங்கிய இடத்துக்கு மேலேயே கிளை பிரிந்து முன்கைத் தசைகளுக்குப் போகும் இழைகள் தப்பிவிடுகின்றன. அதற்குக் கீழே போகிறவை நசுங்கிவிடுகின்றன.

அதே குளிர்ச்சி சுங்கை பூலோவின் கதையிலும் உண்டு. இந்தக் கிருமியை ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் யாராலும் வளர்க்க முடியவில்லை. 1960இல் அமெரிக்காவில் ஷெப்பர்ட் என்பவர், சுண்டெலியின் பாதம் உடம்பைவிடக் குளிர்ந்தது என்பதைப் பிடித்துக்கொண்டு அங்கே வளர்த்துக் காட்டினார். அந்த முறையில்தான் 1964இல் பெட்டிட், ரீஸ் ஆகிய இருவர், சுங்கை பூலோ நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளைச் சோதித்து, தொழுநோய்க்குத் தந்துவந்த டாப்சோன் மருந்துக்கே அடங்காத கிருமி உண்டு என்று உலகுக்கு முதன்முதலில் நிறுவினார்கள். ஒரே மருந்தை நம்பியிருக்கக்கூடாது, பல மருந்துகளைச் சேர்த்துத் தர வேண்டும் என்று 1980களின் தொடக்கத்தில் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தபோது, அதற்கு அடிப்படையாக இருந்த உண்மைகளில் இந்தப் பள்ளத்தாக்கில் கிடைத்ததும் ஒன்று. ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு விஷயம்.

வேலூருக்குத் திரும்புவோம். 1948. நல்ல தசை எது என்று தெரிந்துவிட்டது. இனி அதை இடம் மாற்ற வேண்டும். ஒவ்வொரு விரலையும் மடக்க முன்கையிலிருந்து இரண்டு தசைநாண்கள் வருகின்றன. ஒன்று போதும், இன்னொன்றைக் கடன் வாங்கலாம். அந்த இன்னொன்றை அதன் இடத்திலிருந்து எடுத்து, இழைகளாகப் பிரித்து, செயலிழந்த மண்புழுத் தசை போகும் அதே வழியில் கோத்து, விரலின் பின்புறத்தில் தைக்க வேண்டும். கை அறுவையில் பேர் பெற்ற அமெரிக்கர் ஸ்டெர்லிங் பன்னல் இம்மாதிரித் தசைநாண் மாற்றங்களை வேறு காயங்களுக்குச் செய்திருந்தார். தொழுநோய்க் கைக்கு அதைப் பொருத்திச் செய்தது வேலூரில். எவ்வளவு இறுக்கமாகத் தைப்பது என்பதில்தான் வித்தை. கொஞ்சம் தளர்ந்தால் பயனில்லை. கொஞ்சம் இறுகினால் விரல் எதிர்ப்பக்கம் வளைந்து நின்றுவிடும். கட்டிலுக்குக் கயிறு கட்டுகிறவருக்கு இது புரியும்.

ஆனால் தையல் போட்டதோடு முடியவில்லை. மாவுக்கட்டைப் பிரித்ததும் நோயாளி கையைப் பார்க்கிறார். விரலை மடக்கு என்று மூளை கட்டளை அனுப்பினால், இதுவரை நடுக்கணுவை மடக்கிக்கொண்டிருந்த தசை இப்போது அடிக்கணுவை மடக்குகிறது. உடம்புக்குள் கம்பியை மாற்றிப் பூட்டியாகிவிட்டது, மூளைக்கு அது தெரியாது. நாள்தோறும் உட்கார்ந்து, பஞ்சை எடு, மெழுகைப் பிசை, கட்டையை அடுக்கு என்று சொல்லிக்கொடுத்து, மூளையும் தசையும் புதிதாக அறிமுகமாக வேண்டும். இதைச் செய்தவர்கள் பிசியோதெரபி பார்த்தவர்கள். அறுவை செய்தவர்களின் பெயர்கள் புத்தகத்தில் நிற்கின்றன. பயிற்சி கொடுத்தவர்களின் பெயர்கள் அந்த அளவுக்கு நிற்கவில்லை. எந்தத் துறையின் ஆண்டறிக்கையிலும் இதுதான் நடக்கிறது.

அங்கேதான் ஒரு பெரிய அடி விழுந்தது. அறுவை முடிந்து, பயிற்சி முடிந்து, விரல்கள் நேராகி ஊருக்குத் திரும்பிய ஒருவர் சில நாளில் திரும்பி வந்தார், மெலிந்து, பசியோடு. இவை நல்ல கைகள் இல்லை என்றார். பிச்சை எடுக்க உதவாத கைகள் என்றார். முன்பு முடங்கிய கையைப் பார்த்து நாலு காசு போட்டவர்கள் இப்போது போடவில்லை. தழும்பைப் பார்த்து வேலையும் கொடுக்கவில்லை, தங்க இடமும் கொடுக்கவில்லை. இயந்திரவியல் கணக்குப்படி நூற்றுக்கு நூறு வெற்றி பெற்ற கை அது. அந்தக் கையின் சொந்தக்காரர் பட்டினி கிடந்தார்.

இந்த ஒரு புகார்தான் வேலூரில் அடுத்து நடந்த எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது என்பது இந்தப் பேச்சின் துணிபு. கை என்ன கோணத்தில் மடங்க வேண்டும் என்ற கேள்வியோடு, மடங்கிய கை என்ன வேலை செய்து பிழைக்கும் என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. 1951இல் கல்லூரி வளாகத்தின் ஓரத்தில் மண்சுவர்க் குடிசைகளாக நவ ஜீவ நிலையம் எழுந்தது. அறுவை செய்துகொண்ட இளைஞர்கள் அங்கே தங்கித் தச்சு பழகினார்கள், மரப் பொம்மைகள் செய்தார்கள். தச்சர் பிராண்டே உளியும் வாளும் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

பொம்மைப் பட்டறை ஒரு ஆய்வுக்கூடமாகவும் ஆகிப்போனது. சரியாகிவிட்ட கைகளில் புதுப் புண்கள் வந்துகொண்டே இருந்தன. ஏன் என்று ஒவ்வொரு புண்ணுக்கும் ஒரு கதை தேடினார்கள். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டில் சாவி திரும்பவில்லை. பிராண்ட் முழு பலத்தையும் போட்டுப் பார்த்தும் அசையவில்லை. ஒரு சிறுவன் முன்வந்து ஒரே திருப்பில் திறந்துவிட்டான். எல்லோரும் அசந்து நின்றபோது தரையில் ரத்தம் சொட்டியது. சாவி அவன் விரலை எலும்பு தெரிய அறுத்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. அவனுக்குப் பெரியவர்களைவிடப் பலம் அதிகம் இல்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லும் வலிதான் இல்லை.

இன்னொன்று இதைவிடக் கொடியது. இரவு படுக்கும்போது இருந்த விரல், காலையில் கொஞ்சம் குறைந்திருக்கும். நோய் தின்கிறது என்ற பழைய நம்பிக்கைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? ராத்திரி விழித்திருந்து காவல் பார்த்தார்கள். வந்தது எலி. தூங்குகிறவரின் விரலை மெதுவாகக் கொறித்துவிட்டுப் போனது. வலி தெரிந்தால்தானே விழிப்பார்? அதன்பின் வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பூனை கொடுத்து அனுப்பினார்கள். ஒரு பல்கலைக்கழகத் துறையின் செலவுக் கணக்கில் பூனை என்று ஒரு வரி இருந்தால் தணிக்கையாளர் என்ன சொல்வார்?

கை அறுவையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் என்பதால் இன்னொருவர் கதையும் இதில் சேர்ந்தது. மேரி வர்கீஸ், 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1960களில் வேலூரில் அதற்கென்று தனித்துறையைத் தொடங்கினார். பெயர்ப்பலகை அப்போதுதான் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

மலேசியத் தமிழரிடம் ஓட்டம், தசை, அசைவு என்று பேச்செடுத்தால் டாக்டர் மணி ஜெகதீசனைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதி வரை போய் 20.92 விநாடியில் ஓடினார். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிவு, ஓடுகிறவருக்குக் காற்றுத்தடையும் குறைவு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அப்படியும் அந்த நேரத்தை முறியடிக்க ஒரு மலேசியருக்கு 2017 வரை ஆயிற்று. ஓடி முடித்தபின் அவர் போனது மருத்துவ ஆராய்ச்சிக்கு. மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநராகவும் இருந்தார். உடலியக்கவியல் துறைகள் அவரைப்போன்ற கால்களைத்தான் விரும்பிப் படிக்கும். அதில் வியப்பில்லை. ஆனால் வேகமான காலைப்போலவே உணர்வில்லாத காலும் நிறையச் சொல்லித் தரும்.

நல்ல காலுள்ளவர் நெடுந்தூரம் நடந்தால் தன்னை அறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறார். குதிகால் எரியத் தொடங்கினால் பாரம் முன்னே போகிறது, பெருவிரலடி நோகத் தொடங்கினால் ஓரத்துக்குப் போகிறது. கொஞ்சம் நொண்டிக்கொள்கிறோம். அந்த நொண்டல்தான் பாதத்தைக் காப்பாற்றுகிறது. உணர்வில்லாத பாதமோ ஒருபோதும் நொண்டாது. முதல் அடியையும் பத்தாயிரமாவது அடியையும் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் வைக்கும். ஆணி குத்தினால்தான் புண் வரும் என்று நினைக்கிறோம். மிதமான அழுத்தமே ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் உள்ளே திசு கன்றி, பிறகு உடைகிறது. இந்த உண்மையைப் பிராண்ட் வேலூரில் பார்த்து, 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபின் அளந்து காட்டினார். அழுத்தம் ஓரிடத்தில் குவியாமல் பரவ மெத்தென்ற ரப்பர் செருப்பு வேண்டும். தமிழ்நாட்டில் எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றும் கடையில் கேட்டு வாங்குகிறார்களே, அது அந்த வழியில் வந்ததுதான். அந்த ரப்பர் எந்தத் தோட்டத்துப் பாலிலிருந்து போயிருக்கும் என்று யாராவது கேட்டால், சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த அவையிலேயே இருக்கலாம்.

எம்.சி.ஆர். செருப்பை இன்று அதிகம் வாங்குகிறவர்கள் தொழுநோயாளிகள் அல்ல, இனிப்பு நீர் உள்ளவர்கள். சர்க்கரை நெடுநாள் கட்டுப்படாமல் இருந்தால் காலின் நரம்புகளும் அதே மாதிரி ஊமையாகின்றன. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். அதனால் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நம் வீடுகளில் இருக்கும் கால்களுக்கும் அன்றைய செங்கல்பட்டுக் கைகளுக்கும் உள்ள உறவு ஒப்புமைக்காகச் சொல்வது இல்லை. அதே சேதம், அதே கணக்கு, அதே செருப்பு.

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். தைப்பூசத்துக்கு ரதம் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குப் போகும்போது, பதினைந்து கிலோமீட்டர் அளவுக்குத் தார்ச்சாலையில் ஆயிரக்கணக்கானோர் வெறுங்காலோடு கூடவே நடக்கிறார்கள். பிறகு 272 படிகள். வெயில் ஏறிய சாலையில் நடந்துவிட்டு, சூடே தெரியவில்லை, எல்லாம் முருகன் அருள் என்று சொல்பவர்கள் உண்டு. அருளாகவே இருக்கட்டும். ஆனால் பத்து வருடமாகச் சர்க்கரை மாத்திரை போடுகிறவர் ஒருவர் அப்படிச் சொன்னால், வீட்டுக்கு வந்ததும் அவர் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது மகளின் கடமை. நேர்த்திக்கடனை விட்டுவிடு என்று எந்த மருத்துவரும் சொல்லத் தேவையில்லை. எந்த நேரத்தில் நடப்பது, காலில் எதைச் சுற்றிக்கொள்வது, போகும் முன்னும் வந்த பின்னும் எப்படிப் பார்ப்பது என்று ஊரோடு உட்கார்ந்து பேசத் தெரிந்த ஓர் உடலியக்கவியல் மாணவர் வேண்டும். அப்படி ஓர் ஆய்வை இங்குள்ள பல்கலைக்கழகம் ஏதாவது ஓர் ஆண்டறிக்கையில் போட்டால், புதுக் கேமராக்களைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

சுங்கை பூலோ குடியிருப்பின் கதை 2007இல் வேறு திருப்பம் எடுத்தது. கிழக்குப் பகுதியை இடித்து, மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகத்துக்கு நிலம் எடுத்தார்கள். வயதான குடியிருப்பாளர்களும் மரபுச் சின்ன ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். வீடுகள் போயின. மேற்குப் பகுதி 2011இல் தேசிய மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது, 2019இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறியது. இடித்தது சரியா என்று கேட்டால், சரியில்லை என்பதுதான் இந்தப் பேச்சின் பதில். ஆனால் இடித்த இடத்தில் எழுந்தது பேரங்காடி அல்ல, மருத்துவம் படிக்கும் இடம் என்பதில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு, அங்கே படிக்கிறவர்களுக்குத் தங்கள் காலடியில் என்ன இருந்தது என்று யாராவது சொல்லியிருந்தால்.

எஞ்சிய பகுதியைச் சுற்றி இப்போது செடிக்கடைகள். கோலாலம்பூர்க்காரர்கள் பூச்செடி வாங்க ஞாயிற்றுக்கிழமை காரில் வருகிறார்களே, அந்த நர்சரித் தொழில் குடியிருப்புவாசிகள் வளர்த்தது. நாற்றைப் பிடுங்கி, தொட்டியில் நட்டு, மண்ணை அழுத்தி விடுவது எத்தனை விரல் வேலை என்று தெரிந்துதான் செடி வாங்க வேண்டும்.

கடைசியாக ஒரு நூல். நைலான் நூல், பல் துலக்கும் பிரஷின் ஒரு மயிர் போல இருக்கும், ஒரு பிடியில் செருகியிருக்கும். பத்து கிராம் அழுத்தத்தில் வளைந்துகொடுக்கும்படி அளந்து செய்தது. பாதத்தில் எவ்வளவு உணர்வு இருந்தால் அது தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்பதற்கு அந்தப் பத்து கிராம்தான் எல்லைக்கோடு என்று 1980களில் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் கண்டார்கள். இன்று உலகெங்கும் நீரிழிவுக் கிளினிக்குகளில் அந்த நூல் இருக்கிறது.

கிள்ளான் பக்கம் ஏதாவது ஒரு கிளினிக்கில், காலை எட்டு மணிக்கு நம்பர் எடுத்துக் காத்திருந்த அம்மா ஒருவரைக் கட்டிலில் படுக்க வைப்பார்கள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார் நர்ஸ். எப்போது தொடுகிறேனோ அப்போது சொல்லுங்க அம்மா என்பார். பெருவிரல் நுனியில் நூல் வளையும். பிறகு பெருவிரலின் அடியில். பிறகு சுண்டுவிரலுக்குக் கீழே. அம்மா கண்ணை மூடியபடியே படுத்திருப்பார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பார்: "என்னம்மா, இன்னும் தொடவே இல்லையே?"